நிரம்பி வந்த டப்பா

கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மெலாஹத்தின் முகம் கறுத்துவிட்டது. காலையில் அவள் வைத்து அனுப்பியது தயிர் கலந்த பீன்ஸ் சாலட். திரும்பி வந்திருப்பதோ அரிசி அடைத்து வேகவைத்த பூசணிப்பூ, ஆறு.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. முந்தாநாள் அத்திப்பழம், நேற்று ஆலிவ் ஊறுகாய்.

"ஏங்க, இதை யாரு கொடுத்தது?"

"பக்கத்துக் கடையில கொடுத்தாங்க," என்றார் ராசிம், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாடி வீட்டு ஷுக்ரானிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பக்கத்துக் கடையில மீன் வலை விக்கிற ஆம்பளை, பூசணிப்பூவுல அரிசி அடைச்சிட்டு உக்காந்திருக்கானா? அடியே, நம்ம அய்வாலிக் ஊர்ல, வந்த பாத்திரத்தை வெறுமையா திருப்பி அனுப்பாதது குடும்பப் பொம்பளைங்கதான்டி. எவளோ ஒருத்தி உன் சாலட்டை ருசிச்சு சாப்பிடறா."

மெலாஹத் ஒரு பூவைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே உலர்திராட்சை இல்லை. ஊரில் எல்லாரும் போடுவார்கள். ராசிமுக்குத்தான் அது ஆகாது. செய்தவளுக்கு அது தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் இப்படிச் செய்வாரா?

மறுநாள் காலை, வேகவைத்துக் குளிரவைத்திருந்த வெள்ளை பீன்ஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாள். பூண்டை உப்போடு நசுக்கி, துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரில் கலந்தாள். எலுமிச்சையைப் பிழிந்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, சதகுப்பைக் கீரையைத் தூவினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கண்ணீர்தான் நிற்கவில்லை.

ஒரு டப்பா ராசிமோடு போனது. இன்னொன்றை ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

மத்தியானம் அந்த டப்பாவோடு கடைத்தெரு முனையில் நின்றாள். ராசிம் கடையை அடைத்துவிட்டு மேட்டுச் சந்தில் ஏறினார். ஒரு பச்சைக் கதவுக்குள் போனவர் அரைமணி கழித்து மீசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

அவர் தலை மறைந்ததும் மெலாஹத் போய்க் கதவைத் தட்டினாள். கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தது ஒரு கிழவி. எழுபத்தைந்து வயதிருக்கும். கையில் தடி, வாயில் மிஞ்சியது இரண்டே பல். வீட்டுக்குள் வேறு ஆள் அரவமே இல்லை.

மெலாஹத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தனியாகக் கிடக்கும் கிழவிக்குத் தன் சாப்பாட்டைக் கொடுக்கிற மனிதரையா சந்தேகப்பட்டோம்? வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் ராசிம் வீட்டுலேர்ந்து வரேன். இந்தச் சாலட் உங்களுக்குத்தான்."

கிழவி டப்பாவை வாங்கித் திறந்து மோந்து பார்த்தாள். பொக்கை வாய் மலர்ந்தது.

"உள்ள வா தாயி, எங்க மாப்பிள்ளை வீட்டுல சமைக்கிற பொம்பளை நீதானா?"