நீலக்குருவியின் பாட்டு

சோலைக்காட்டில் நீலக்குருவிகளை எண்ணப் பிலோமினா போவது இது இருபத்தாறாவது வருடம். முதல் வருடம் நூற்றுப்பத்து இருந்தன. போன பங்குனியில் நான்கு. அவள் எண்ணுவது காதால்தான். இலை அடர்த்தியில் கண்ணுக்கு அகப்படாத குருவி, விடியலில் பாடித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வருடம் மூன்று நாள் அலைந்தும் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலையில் வனக்காவலர் மாதன் அவள் கையைத் தொட்டு மேலே காட்டினார். நாவல் மரக்கிளையில் ஒரு நீலக்குருவி நெஞ்சு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, இது கொண்டைக்குருவி சத்தமாச்சே?"

"குஞ்சா இருக்கிறப்ப அப்பன் பாடுறதைக் கேட்டுத்தான் இதுங்க கத்துக்கும், மாதன். இதுக்குப் பாடிக்காட்ட ஒருத்தரும் இல்ல போல. பக்கத்துல கேட்டதைப் பிடிச்சுக்கிச்சு."

சொல்லிவிட்டு அவள் உதட்டைக் குவித்து, தனக்கு மனப்பாடமாகிவிட்ட நீலக்குருவியின் பாட்டைச் சீட்டியடித்தாள். குருவி நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அவள் மறுபடியும் பாடினாள், இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக, உதடு காய்ந்து வெறும் காற்று வரும்வரை.

"போதும்மா," என்றார் மாதன்.

குருவி அடுத்த கிளைக்குத் தாவி, இறகை உதறிக்கொண்டு, பழையபடி கொண்டைக்குருவியின் குரலிலேயே கூப்பிட்டது. பள்ளத்திலிருந்து நாலைந்து கொண்டைக்குருவிகள் பதில் சொல்லின. அது அவற்றை நோக்கிப் பறந்துபோனது.