பன்னிரண்டாவது முடிவு

பூட்டிய அறைக்குள் கட்டிலில் பெரியவர் தெய்வநாயகம். அவருக்கு எதிரே நாற்காலியில், வீட்டைவிட்டுப் போன மகளாக நடிக்கும் ஸ்டெல்லா. வெளியே கேமராத் திரைக்கு முன்னால், இந்தத் தப்பிக்கும் விளையாட்டை எழுதிய பூங்கோதை. ஒரு மணி நேரத்துக்குள் சாவியைக் கண்டெடுத்து வெளியேற வேண்டும். எட்டாவது முறையாக வந்திருக்கும் பெரியவருக்குச் சாவி தலையணைக்குள் இருப்பது நன்றாகவே தெரியும். ஆனாலும் தொடவில்லை.

“இன்னைக்காவது அப்பான்னு கூப்பிடும்மா. எம் பொண்ணு நெசமாவே எங்கிட்டப் பேசி ஒம்பது வருசமாச்சு.”

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பி, காலரில் இருந்த மைக்கில் கிசுகிசுத்தாள்: “அக்கா, பதினோரு முடிவு எழுதினீங்க, பதினொண்ணும் சண்டை. மன்னிக்கிற மாதிரி ஒண்ணு எழுதினா உங்க பேனா ஒடிஞ்சிருமா?”

மன்னித்துவிட்டால் மனிதர் இந்த அறையே கதியென்று கிடப்பார். பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆறு நிமிடம் மிச்சமிருக்கையில் ஒரு தாளை இழுத்து, அவருடைய மகளே எழுதுவதுபோல் எழுதினாள்: ‘அப்பா, உங்கள் எதிரில் இருப்பது நான் இல்லை. நான் வெளியில் இருக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு தேடி வாருங்கள்.’

உறையிலிட்டு, அரக்கு வைத்து ஒட்டி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.