பூனைக்கு ஏற்ற வீடு

தெருப்பூனைகளைப் பிடித்து நல்ல வீடு பார்த்துக் கொடுப்பவள் அவள். வீட்டை நேரில் அலசாமல் ஒரு குட்டியைக்கூடத் தரமாட்டாள்.

பூனை கேட்டிருந்த தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுமே முகம் சுளித்தாள்.

"ஜன்னலுக்கு வலை அடிக்கலையா?"

"அது என் பூனை தங்கம் வர்ற வழிம்மா. ஒன்பது வருஷமா காலையில ஊர் சுத்தப் போகும், நான் தைக்க உக்காரும்போது வந்துடும். போன மாசம் போனது இன்னும் வரல."

"தெருவுல விட்டா எப்படி வரும்? பெத்த பிள்ளைன்னா விடுவீங்களா?"

அவர் தலை குனிந்தார். "தப்புதாம்மா. இனிமே விடமாட்டேன். வீட்டுல மிஷின் சத்தத்தைத் தவிர வேற சத்தமே இல்ல."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "நீங்க தெருத்தெருவாப் போறவங்க. எங்கயாவது கண்ணுல பட்டா சொல்லுங்க."

வெள்ளைப் பூனை. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள்.

போன மாதம் இதே தெருமுனையில் கூண்டு வைத்து அதைப் பிடித்தவள் அவள்தான். திறந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'யாருமில்லாத பூனை' என்று இணையத்தில் படம் போட்டாள். வாங்கிய குடும்பம் அதோடு வெளிநாடு போய்விட்டது.

"பார்த்ததில்லையே" என்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலில் நின்று படிவத்தை நிரப்பினாள்: 'பூனையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர். தரக்கூடாது.'