வெதுவெதுப்பு

"பேசின்ல தண்ணி ஏன் இப்படி வெதுவெதுன்னு இருக்கு? ஜில்லுனு வைக்கத் தெரியாதா?"

அச்சகத்திலிருந்து வந்ததும் வராததுமாக எரிந்து விழுந்தார் கணக்கர். பாதத்து நரம்பில் கோளாறு. சாயந்தரம் பாதங்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால்தான் போன உயிர் திரும்பும். அந்த வைத்தியத்தைச் சொன்னவளே மனைவிதான்.

"இருங்க, மாத்தித் தரேன்." தையல் மெஷினை விட்டு எழுந்தாள். "இன்னைக்கு எப்படி? மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரியா, எறும்பு ஊர்ற மாதிரியா?"

"ரெண்டும்தான். உனக்கு எங்க புரியப்போகுது? உனக்கும் வந்து பார்த்தாத்தான் தெரியும்."

அவள் பேசினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் கரண்ட் போய், மத்தியானமே அச்சகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் மெஷின் சத்தத்தைக் காணோம். 'மகாராணிக்குத் தூக்கம் போல' என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

ஸ்டூலில் கண்ணை இறுக்க மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் பேசினுக்குள்.

சத்தம் கேட்டதும் பதறி எழுந்து, ஈரக் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "சீக்கிரம் வந்துட்டீங்களா? தண்ணி மாத்தறதுக்குள்ள..."

"உனக்குமா? எப்போலேருந்து?"

"உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அப்பவே சொன்னேனே. உக்காந்து மெஷின் மிதிக்கிறதுக்கெல்லாம் கால் வலிக்குமான்னு சிரிச்சீங்க."

சொல்லிவிட்டு, அவருக்காகப் பேசினைக் காலி செய்யக் குனிந்தாள்.