முழுப் பக்கம், கலரில்

“யார் போன் பண்ணினாலும் வாயைத் திறக்காதீங்க அத்தான். பேப்பர்காரங்க காதுக்குப் போகாம இருந்தா, சாயங்காலத்துக்குள்ள பையனைக் கண்டிச்சு அனுப்பிடறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு.”

வக்கீலாக இருக்கும் மச்சினன் ஸ்டேஷனிலிருந்து இவ்வளவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேள்வி மாமா போனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் சரிந்தார்.

டி.வி.யில் பதினெட்டு வருஷமாக வினாடி வினா நடத்துகிற மனிதர் அவர். பதில் சொல்லப் பறக்கும் பிள்ளைகளை “முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு கண்ணு” என்று செல்லமாக அதட்டுவார். குழந்தைகள் வைத்த ‘கேள்வி மாமா’ என்ற பெயரே பெரியவர்களுக்கும் பழகிவிட்டது. அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகனைத்தான் இன்று காலை, முன்கூட்டியே கசிந்த நுழைவுத் தேர்வு வினாத்தாளோடு கையும் களவுமாகப் பிடித்திருந்தார்கள்.

விஷயம் வெளியே வந்தால் கேஸ் எழுதிவிடுவார்கள். அப்புறம் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள், பையனின் படிப்பு அதோடு போச்சு. உள்ளறையில் அவர் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மறுபடி போன் அடித்தது. மச்சினன்தான் என்று பதறி எடுத்தார். ஒரு பெண் குரல் கடகடவென்று எதையோ ஒப்பித்தது. ‘பத்திரிகை’ என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் உள்ளே ஏறவில்லை. கடைசி வரி மட்டும் தெளிவாகக் கேட்டது.

“பிடிச்ச இடம் எதுன்னு சொல்லிட்டீங்கன்னா போதும் சார்.”

எப்படித் தெரிந்தது இவர்களுக்கு? அப்படி எதுவும் இல்லையம்மா, ஆளை விடு என்று சொல்லிப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை. பிடிச்ச இடம்னு ஒண்ணு இல்லாமலா இருக்கும் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

“மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க சார். நீங்க மட்டும்தான் பாக்கி.”

கொதித்த ரத்தம் அப்படியே உறைந்தது. மகனோடு இன்னும் மூன்று பையன்கள் பிடிபட்டிருந்தார்கள். அந்த அப்பன்மார்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற மொத்தப் பழியையும் இவர் பிள்ளை தலையில் கட்டியிருப்பார்கள். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே உண்மையாகிவிடும்.

அவளோ விடாமல் அடுக்கிக்கொண்டே போனாள். தனியாகவா, கூட்டாளிகளோடா என்று கேட்டாள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தா, தெரியாமலா என்றும் சிரித்தபடி கேட்டு வைத்தாள். அதோடு போட்டோவும் ஒன்று வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம், அதுவும் கலரில் வரப்போகிறதாம்.

மனிதர் உடைந்துவிட்டார். பதினெட்டு வருஷமாகத் தடுமாறாத குரல் குழந்தையின் குரல்போல நடுங்கியது.

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற லாட்ஜும்மா. மூணாவது மாடி. வினாத்தாள் அவன் போன்ல இருந்தது உண்மைதான், நான் இல்லைங்கல. ஆனா யாரோ அனுப்பினதைத்தான் பார்த்தான், அவன் விக்கலை. மத்தவங்க சொன்னதை நம்பாதே. பத்தொன்பது வயசும்மா என் பையனுக்கு. உன் கால்ல வேணா விழறேன், அவன் பேரைப் போட்டுடாதே. இன்னும் கேஸ்கூட எழுதலை.”

லைன் போய்விட்டதோ என்று பயந்து இரண்டு தடவை ஹலோ சொன்னார். உள்ளறையிலிருந்து மனைவி தள்ளாடி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சார்... டூர் போக உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுன்னுதான் கேட்டேன்.”