ரோசியோடு ஒரே வளவில்

“நாயெண்டா என்னப்பா? கோழிக்கூட்டுக்குப் பின்னால ரோசியக் கட்டிவெச்சி, பொம்புளையக் கெடுக்கிற மாதிரிக் கெடுத்திருக்கான். என்ட கண்ணால கண்டன்!”

தனுஷாவின் சத்தம் வீதிவரை கேட்டது.

“மெல்லப் பேசு புள்ள,” என்றார் அப்பா நல்லரத்தினம். “ஊருக்குத் தெரிஞ்சா நம்மட மானம் என்னாகும்?”

“அவன்ட மானம் போகட்டும். நான் பொலிசுக்குப் போறன்.”

“நாய்க்குப் பொலிசா? அங்க போய் என்னெண்டு சொல்லுவாய்? சிரிப்பானுகள்.”

“சிரிக்கட்டும். ரோசி சோறே தின்னுதில்ல. ஆரும் கிட்டப் போனா நடுங்குது.”

நல்லரத்தினம் கொஞ்சம் யோசித்தார். “சரி. இனி ரெண்டு பேரும் ஒரே வளவுக்குள்ள இருக்கிறது சரிவராது. நான் முடிவெடுத்திட்டன்.”

இப்போதாவது அப்பாவுக்குப் புத்தி வந்ததே என்று தனுஷா பெருமூச்சு விட்டாள்.

அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார். ரோசியைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

“தம்பி, இத மாங்கேணிக் கடற்கரையில அவிழ்த்து விட்டுட்டு வா,” என்றார் ஆட்டோக்காரனிடம்.

“அப்பா! செய்தவன விட்டுட்டு ரோசியையா அனுப்புறீங்க?”

“விசர்க் கதை கதையாத. தங்கச்சியக் கட்டினா அவர் நம்மட வீட்டோடதானே வந்து இருக்கப்போறார்? மாப்பிளைக்கு இந்த நாயக் காணக்குள்ள எல்லாம் வெக்கமா இருக்காதா?”

உள்ளே தங்கச்சி கூறைச்சேலையை உடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனுஷா போய் அந்த அறைக் கதவைத் தட்டினாள்.

வாசகர்களே, கதவு திறந்ததும் அவள் என்ன சொல்ல வேண்டும்? எழுதி அனுப்புங்கள். அப்பா செய்ததுதான் சரி என்பவர்கள், உங்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாளா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.