தாய்மாமன் மடி

பட்டு வேட்டியோடு கூடத்துத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்.

எதிரே முக்காலியில் டேப்லெட்.

திரைக்குள் நியூஜெர்சி. தங்கை செண்பகத்தின் வீடு. மணையில் குழந்தை. அதன் முதுகுக்குப் பின்னால், மடி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கணினியை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதில் அவர் முகம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். கடல் தாண்ட அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இப்படியாவது இருங்கண்ணே என்று அவளே கேட்டிருந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அவள் கேட்டது.

மொட்டைத் தலையில் சந்தனம். எட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

மடியைச் சற்று விரித்துக்கொண்டார்.

ஊசியை எடுத்தார்கள்.

திரை கருத்தது.

வாங்கிய மாதத்திலிருந்தே இப்படித்தான். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் துடைத்துத் திருப்பித் தருவார்கள்.

குரல் மட்டும் கொஞ்சம் வந்தது. மாப்பிள்ளையின் குரல்.

"உன் அண்ணன் முகத்தையே காணோம். எந்திரிச்சுப் போயிட்டாரா?"

"விடுங்க. நம்ம கல்யாணத்துலயும் அப்படித்தான போனாக."

"செண்பகம், இங்கதான் இருக்கேன்."

அவர் குரல் அங்கே போகவில்லை. பிறகு அவர்கள் குரலும் நின்றது.

அந்தக் கல்யாணத்தில், தாலியைத் தட்டில் வைத்து நீட்டிய நேரத்தில் எழுந்து போனார். குடும்ப மானத்துக்காக எழுந்தது. இன்றைக்கும் அதில் அவருக்கு வருத்தமில்லை.

இன்று எழவில்லை.

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். அங்கே கூப்பிட இருந்தது மாப்பிள்ளையின் எண் ஒன்றுதான்; அது டேப்லெட்டுக்குள் இருந்தது. தன் பட்டன் போனில் அதைப் பதிய அவருக்குக் கை வந்ததில்லை.

பட்டன் போனில் டேப்லெட் கம்பெனியை அழைத்தார். பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். மறுபடி அதே பாட்டு.

ஒரு பெண் வந்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேன்."

"வீட்ல சின்னவங்க யாராவது இருந்தா குடுங்க சார்."

"பெரியவன் நான் இருக்கேன். என்கிட்டயே சொல்லும்மா."

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். விரல் நுனி வெளுத்தது.

திரை வந்தது. கூடவே குடும்பக் குழுவில் ஒரு படம்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. காதில் அவர் கூரியரில் அனுப்பிய தோடு. யாரோ ஒருவர் மடியில் இருந்தது. மாப்பிள்ளையின் நண்பராக இருக்கும்.

கணினியை மூடி, ஓரமாக, செருப்புகள் பக்கம் வைத்திருந்தார்கள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே டேப்லெட்டில் மாப்பிள்ளையை அழைத்தார். மணி அடித்தது. துண்டித்தார்கள்.

மறுபடி அழைத்தார். மணி அடிக்கவில்லை.

"டேப்லெட் வந்துடுச்சா சார்?"

"வந்துருச்சு."

"அப்ப கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்ணிடறேன். வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?"

கால்கள் மரத்துப் போயிருந்தன. முதுகு வளையவில்லை.

"நான் எந்திரிக்கலம்மா."

"சார்?"

"எந்திரிக்கவே இல்ல. இந்நேரம் வரைக்கும் இங்கதான் உக்காந்திருக்கேன்."

எதிர்முனையில் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம்.

"சரிங்க சார். நோட் பண்ணிக்கிறேன்."